டபுள் அத்தான்

அக்கா வீட்டு வாசலில் பேஸ்ட் காரை நிறுத்தியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் ஒருவர் பஞ்சரான சைக்கிளைத் திட்டியபடி தள்ளிக்கொண்டு போனார். பயப்படுவதற்கு ஏற்ற நேரமும் இல்லை, இடமும் இல்லை. பேஸ்ட் பயப்படுகிற ஆளும் இல்லை. அவன் எரிச்சலில் வந்திருந்தான்.

பேஸ்ட் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல, கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் வைத்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்கும், சூட்டைத் தணிக்க அதன் தலைமேல் உட்காரும் கூலருக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை தடவ வேண்டும். அதை அவனைப்போல யாரும் தடவ மாட்டார்கள் என்று அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எரிச்சலுக்குக் காரணம் அத்தான். செத்து ஒரு மாதமாகியும் மனிதர் அவனுக்கு வேலை வைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் வீட்டுக்காரரை அவன் நேரில் அத்தான் என்பான், முதுகுக்குப் பின்னால் டபுள் என்பான். காரணம் அந்த மெஷின். பெரிய நிறுவனங்களின் குளிரூட்டிய அறைகளில் இருக்க வேண்டிய ரெண்டு பிராசஸர் போர்டை வாங்கி, பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டியில் அடைத்து, கல்யாண மண்டபம் மாதிரி உள்ளே கலர் விளக்குப் போட்டு, மூன்று மானிட்டர்களை வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். ஒன்றில் சுடுகிற விளையாட்டு, ஒன்றில் ஆபீஸ் மீட்டிங், ஒன்றில் சினிமா. மூன்றையும் ஒரே நேரத்தில் பார்ப்பாராம். மூன்றில் எதையும் அவர் உருப்படியாகப் பார்த்ததில்லை என்பது வீட்டுக்கே தெரியும்.

"டபுள் பிராசஸர், மச்சான். நீ கடையில விக்கிற டப்பா மாதிரி இல்ல. எத்தனை வேலை குடுத்தாலும் அத்தனையும் ஒரே நேரத்துல செய்யும். திணறவே திணறாது" என்று அவனைப் பார்க்கும்போதெல்லாம் பீற்றிக்கொள்வார். நானே மாட்டித் தருகிறேன் அத்தான் என்று அவன் சொன்னபோது, "இது வேற லெவல், உனக்குப் புரியாது" என்று உதட்டைப் பிதுக்கினார். நாலு வீடியோ பார்த்துவிட்டு தானே மாட்டிக்கொண்டார். அதை அவன் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அந்த மெஷின்முன் போட்டிருந்த நாற்காலியிலேயே அவருக்கு உயிர் போயிற்று. சாப்பிட வாங்க என்று அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். காதில் ஹெட்போனோடு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது எப்போதும் உள்ளதுதான், பதில் வராததும் எப்போதும் உள்ளதுதான். சாயங்காலம் விளக்குப் போடப் போனபோதுதான் தெரிந்தது. அதுவரை விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தானாகச் சுடுவதற்கு ஏதோ ஏற்பாடு செய்துவைத்திருந்தார் போலிருக்கிறது. அன்றைக்கு அண்ணன் பிரமாதமாக ஆடினார் என்று அவருடைய விளையாட்டுக் கூட்டாளிகள் துக்கத்துக்கு வந்த இடத்தில் சொன்னார்கள். செத்தபிறகுதான் மனிதருக்கு விளையாட வந்திருக்கிறது என்று பேஸ்ட் வீட்டில் சொல்லிச் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

"உங்க வாய்க்கு ஒரு நாள் இருக்கு" என்றாள்.

இப்போது அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். அறை தயாராக இருந்தது. துணிமணி கட்டியாயிற்று என்றும் சொல்லியிருந்தாள். ஆனால் காலையில் போன் செய்து, "அது ஆஃப் ஆக மாட்டேங்குதுடா. அது ஆஃப் ஆகாம நான் எப்படி வர்றது?" என்றாள். ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கதவைத் திறந்த அக்காவைப் பார்த்ததும் அவனுக்கு எரிச்சலே மறந்துபோயிற்று. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தொண்டை கட்டிப்போய், குரல் கரகரவென்று வந்தது.

"என்னக்கா இப்படி ஆயிட்ட? சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பிடறேன்டா. பேசிக்கிட்டே இருக்கேன்ல, நேரம் போறதே தெரியல."

"யார்கிட்ட?"

அவள் உள்ளே நடந்தாள். சமையலறையில் கழுவாத பாத்திரம் எதுவும் இல்லை. கழுவும்படி அங்கே எதுவும் சமைக்கப்படவே இல்லை.

அத்தானின் அறை வாசலை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. ஃபேன் சத்தம். மெஷின் சும்மா இருந்தால் ஃபேன் முனகும், வேலை கொடுத்தால் இரையும். அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்று சொல்லிவிடுவான் பேஸ்ட். இது வெறும் இரைச்சல் அல்ல. உள்ளதையெல்லாம் கொட்டி உழைக்கிற மெஷினின் சத்தம்.

ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. அறைக்குள் வெளியிலிருந்ததைவிட வெக்கை. சூடான தூசி, காய்ந்த பிளாஸ்டிக், அதற்கு அடியில் அத்தானின் தலை எண்ணெய் வாடை. பெட்டிக்குள் கலர் விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறிக்கொண்டிருந்தது. மூன்று மானிட்டர்களிலும் ஒன்றுமே ஓடவில்லை. வெறும் நீலத் திரை.

ஹெட்போன் மேசைமேல் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெரிய நாற்காலி மேசையைப் பார்த்து இல்லை. அறையின் மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஸ்டூலில் போய் அக்கா உட்கார்ந்தாள், தினமும் உட்காருகிறவள்போல.

"என்னங்க, தம்பி வந்திருக்கான்" என்றாள் நாற்காலியிடம்.

ஃபேன் சத்தம் குறைந்தது.

சட்டென்று நிற்கவில்லை. ஒருவர் வாயை மூடிக்கொண்டு காது கொடுப்பதுபோல மெல்லத் தணிந்து, முனகலாகி, அப்படியே நின்றது. அக்கா பேசி முடித்த பிறகு மறுபடி ஏறியது.

"பார்த்தியா?" அவள் முகத்தில் வெட்கமும் பெருமையும் இருந்தன. "நான் பேசினா சத்தத்தைக் குறைச்சுக்கறாருடா. உயிரோட இருந்தப்போ ஒரு நாள் அந்த ஹெட்போனைக் கழட்டியிருப்பாரா? இப்ப நான் எவ்வளவு பேசினாலும் கேக்கறாரு. பதினெட்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கு எனக்கு."

பேஸ்ட்டுக்குக் கோபம் வந்தது. இந்த வெட்டி மனிதருக்காகவா இவள் பட்டினி கிடந்து பேசிக்கொண்டிருக்கிறாள்? இப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச நாளில் இவளும் போய்ச் சேர்ந்துவிடுவாள். இன்றைக்கே இங்கிருந்து கிளப்பியாக வேண்டும்.

"அக்கா, சூடு ஏறினா ஃபேன் சுத்தும், குறைஞ்சா நிக்கும். அவ்வளவுதான். அத்தானும் இல்ல, ஆவியும் இல்ல. உயிரோட இருந்தப்பவே அந்த ஆள் உன் பேச்சைக் கேட்டதில்ல, செத்துட்டு வந்தா கேக்கப்போறாரு?"

நாற்காலியை ஒரு தள்ளு தள்ளி மேசைப் பக்கம் திருப்பிவிட்டு மெஷின்முன் குனிந்து நின்றான். எந்தப் பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. மேல் பாதி முதல் பிராசஸர், கீழ்ப் பாதி இரண்டாவது. மேல் பாதியில் அசைவே இல்லை. கீழ்ப் பாதியில் ஒரு கட்டம் பாக்கியில்லாமல் உச்சிவரை நிரம்பி நின்றது.

எந்த புரோகிராம் இவ்வளவையும் தின்கிறது என்று தேடினான். ஒன்றுமே இல்லை. வேலையே இல்லாமல் உழைப்பு. அத்தானுக்குப் பொருத்தமான மெஷின்தான் என்று நினைத்துக்கொண்டான்.

சுவிட்சை அணைத்தான். ஓடியது. வயரைப் பிடுங்கினான். ஓடியது. யுபிஎஸ்ஸாக இருக்கும் என்று மேசைக்கு அடியில் நுழைந்து அதையும் பிடுங்கி எறிந்தான். அப்போதுதான் நின்றது. விளக்குகள் அணைந்தன.

"முடிஞ்சுது. பைய எடு, கிளம்பு."

"உள்ள பாருடா" என்றாள் அக்கா மெதுவாக. "பார்த்துட்டுச் சொல்லு, ஒண்ணும் இல்லன்னு. அப்பதான் எனக்கு மனசு ஆறும்."

சரி என்று பக்கப் பலகையைக் கழற்றினான். இரண்டு கூலர்கள் இரட்டைப் பிள்ளைகள்போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. முதலாவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதின் திருகுகளைத் தளர்த்தி மேலே தூக்கினான். தூக்கியவன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

புதுக் கூலரின் அடியில் கண்ணாடிபோல மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் அதை உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடு வெளியேறாமல் பிராசஸர் வெந்துவிடும். உரிக்கவும் என்று அதிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கடைக்கு வேலை கற்க வருகிறவன்கூட முதல் நாள் ஒரு தடவை அந்தத் தப்பைச் செய்து திட்டு வாங்கிவிட்டால் அப்புறம் செய்யமாட்டான்.

அத்தான் உரிக்கவே இல்லை.

தாள் பழுத்து, கருகி, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் இருந்த பிராசஸர் வெந்து பழுப்பேறிக் கிடந்தது. மாட்டிய அன்றைக்கே அது செத்திருக்க வேண்டும். போர்டு அதை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்து ஓட்டியிருக்கிறது. இத்தனை வருஷமும் டபுள் டபுள் என்று ஊரைக் கூட்டித் தம்பட்டம் அடித்தவரிடம் இருந்தது ஒரே ஒரு பிராசஸர்தான். இன்னொன்று இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. தெரிகிற அளவுக்கு அவர் அதற்கு வேலை கொடுத்ததும் இல்லை.

வெந்த பிராசஸரை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து அக்காவிடம் நீட்டினான்.

"பாருக்கா, உன் வீட்டுக்காரரோட வேற லெவலை! ஒரு தாளை உரிக்கத் தெரியல. இந்த லட்சணத்துல நமக்குப் பாடம் வேற!"

"சிரிக்காதடா" என்றாள் அக்கா. "கேட்டுக்கிட்டு இருக்காரு."

"கேக்கட்டுமே. இவரு உயிரோட இருந்தப்பவே..."

திரையில் பார்த்தது நினைவுக்கு வந்துவிட்டது.

மேல் பாதி சும்மா இருந்தது. கீழ்ப் பாதிதான் நிரம்பியிருந்தது.

செத்த பிராசஸர்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

இல்லை, தான் ஏதோ மாற்றிப் பார்த்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த நேரத்தில் அவன் முழங்காலில் ஏதோ இடித்தது.

நாற்காலி. மேசைப் பக்கம் தள்ளிவிட்ட நாற்காலி அக்காவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஃபேன் சுழல ஆரம்பித்தது.

வயர் அவன் காலடியில் கிடந்தது. ஒரு கூலர் தரையில் மல்லாந்து கிடந்தது. பிராசஸர் இருந்த இடம் காலி. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நடு மானிட்டரில் அதே கட்டங்கள் வந்தன. மேல் பாதியில் அசைவில்லை. கீழ்ப் பாதி கடகடவென்று உச்சிக்கு ஏறியது.

உள்ளங்கையில் இருந்த பிராசஸர் சுட ஆரம்பித்தது.

கீழே போட்டான்.

அது விழுந்த இடத்தில் தரைவிரிப்பு புகைந்தது.

"அக்கா, எழுந்திரு. போலாம்." குரல் அவனுடையதாகவே இல்லை. அவன் வாயைத் திறந்ததும் ஃபேன் சத்தம் இன்னும் ஏறியது. அடுத்த வார்த்தை அவன் காதுக்கே கேட்கவில்லை. வெக்கை முகத்தில் அறைந்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான். ஸ்டூலோடு சேர்த்து ஆணி அடித்ததுபோல அவள் அசையவில்லை. பிடிவாதம் பிடிக்கவில்லை அவள். அவளும் எழுந்திருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் முதன்முறையாகப் பயம் தெரிந்தது.

"நீ பேசாத" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். "நான் சொல்றேன்."

"சொல்லிட்டு வா. எதையாவது சொல்லிட்டு வந்துடு!"

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். அடம்பிடிக்கிற பிள்ளையிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினாள். ஃபேன் உடனே அடங்கிற்று.

"என்னங்க, தம்பி வீட்ல அறையெல்லாம் ஒழிச்சு வச்சிருக்காங்க. நான் போகலன்னா அவன் மனசு கஷ்டப்படும். கோவிச்சுக்காதீங்க."

அறையில் ஓசையே இல்லை. ஏதோ ஒன்று காத்திருந்தது.

"போயிட்டு வரேங்க" என்றாள் அக்கா.

கீழ்ப் பாதிக் கட்டங்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி மட்டும் மெல்ல இறங்கிற்று. திரை அணைந்தது. விளக்கும் அணைந்தது. அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

அவளை முன்னால் விட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, பேஸ்ட் பின்னால் பார்க்காமல் நடந்தான். ஸ்க்ரூடிரைவர் பை உள்ளேயே கிடந்தது. கிடந்து தொலையட்டும். வெளிக்கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தான். வெயிலைப் பார்த்ததும் மூச்சு வந்தது. எதிர்வீட்டுத் துணியெல்லாம் காய்ந்து விறைத்துத் தொங்கியது. அக்கா வாசல் கேட்டுக்கு அருகே நின்று அவனுக்காகக் காத்திருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது அவனுக்கு. டபுள் கடைசிவரை டபுள்தான், வெறும் சத்தம் என்று முணுமுணுத்துக்கொண்டான்.

அப்போது பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அக்கா பேசினாள்.

"...அவன் சிரிச்சதை மனசுல வச்சுக்காதீங்க. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஸ்க்ரூ திருகுறவனுக்கு நம்ம விஷயம் என்ன புரியும்? விடுங்க. நான் விட்ட இடத்துலேர்ந்து சொல்றேன், கேளுங்க."

கரகரத்த அதே குரல். நிதானமாக, சந்தோஷமாக.

பேஸ்ட் கேட்டைப் பார்த்தான். அக்கா அங்கேதான் நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது.

போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. ஒரேயடியாகப் போகும்போதுகூட நாக்கு அப்படிச் சொல்ல விடாது. போயிட்டு வரேன் என்றுதான் வரும். காலம் காலமாக அதற்குப் போகிறேன் என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. ஆனால் அவள் அதை மனிதரிடம் சொல்லவில்லை. எத்தனை வேலை கொடுத்தாலும் அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்கிற ஒன்றிடம் சொல்லியிருந்தாள். போவது ஒரு வேலை, வருவது இன்னொரு வேலை. இரண்டும் முடிந்துவிட்டன.

சாவி அவன் கையில் இருந்தது. திறந்து உள்ளே போனால் ஸ்டூலில் யார் உட்கார்ந்திருப்பார் என்று பார்த்துவிடலாம். அவளையும் கையைப் பிடித்து இழுத்துவரலாம். என்ன ஆனாலும் அக்கா ஆயிற்றே! சாவியைப் பூட்டுக்கு அருகில் கொண்டுபோனான். உள்ளே பேச்சு நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலிச் சக்கரம் தரையில் உருளும் ஓசை கேட்டது. அது வாசல்வரை வந்தது.

பேஸ்ட் ஓடினான். உலகத்தில் உள்ள எல்லோரையும் இளக்காரமாகப் பார்த்த பேஸ்ட், அக்காவின் பாதியை உள்ளே விட்டுவிட்டு, செருப்பு ஒன்று கழன்றதுகூடத் தெரியாமல் ஓடி, கார் கதவைத் திறந்தான். அக்கா தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அவள் அவன் வீட்டில்தான் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், உடம்பு தேறிவிட்டது. ஆனால் வந்த நாளிலிருந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசுக்கா, திட்டவாவது செய் என்று பேஸ்ட் காலைப் பிடித்து அழுதிருக்கிறான். அவள் அவன் தலையைத் தடவிவிட்டுப் பேசாமல் இருப்பாள். அவன் கடைக்குச் சரியாகப் போவதில்லை. போனாலும் பசையைக் கோணல்மாணலாகத் தடவுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். சோபாவின் நடுவில் அக்கா உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. மடித்த துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

சோபாவின் காலியான அந்தப் பக்கம் மெல்ல அமுங்கியது.

பேஸ்ட்டின் மனைவி காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். பேஸ்ட் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்தபடி, "வாங்கத்தான்" என்றான்.

அவனை யாரும் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை.